‘விடு’ என்று கத்தியவன்

அந்தப் பந்து உள்ளேதான் விழும் என்று எனக்குத் தெரியும். தெரிந்தேதான் ‘விடு’ என்று கத்தினேன்.

இதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். கடைசியில் சொல்லலாம் என்று வைத்துக்கொண்டால் சொல்லாமலே எழுந்து போய்விடுவேன். என்னை எனக்குத் தெரியும். இடையில் எழுந்து போவதுதான் என் வாழ்க்கை முழுவதும் நான் ஒழுங்காகச் செய்த ஒரே வேலை!

அன்றும் அப்படித்தான். பழையகாயல் உப்பளங்களைத் தாண்டித் தெற்கே நடந்துகொண்டிருந்தேன். தோளில் ஒரு துணிப்பை. பைக்குள் அடங்காமல் ஒரு டென்னிஸ் மட்டையின் கைப்பிடி வெளியே நீட்டிக்கொண்டிருந்தது. மட்டை என்னுடையது அல்ல. மிக்கேலுடையது. அன்று சாயங்காலம் தூத்துக்குடி ரயில் நிலையத்தில் அவனை மெட்ராசுக்கு வழியனுப்ப வேண்டியவன் நான். நானோ ரயில் நிலையத்துக்கு முதுகைக் காட்டிக்கொண்டு காலையிலிருந்து நடக்கிறேன்...

ஏன் என்று கேட்பீர்கள். அதற்குத்தான் இவ்வளவும்.

நான் ஆற்றங்கரை நெல் ஊரில் பிறந்தவன். பெயர் சுடலை. எட்டாம் வகுப்பு முடியும் முன்பே பள்ளிக்கூடம் போதும் என்று கிளம்பிவிட்டேன். ஓட்டலில் இலை எடுத்தேன். துறைமுகத்தில் மூட்டை சுமந்தேன். தோள் புண்ணாகியபோது அதை விட்டேன். எழுபதுகளின் தொடக்கத்தில், தூத்துக்குடியில் புதுத் துறைமுகம் எழும்பிக்கொண்டிருந்த காலத்தில், கடலை ஒட்டிய ஒரு கிளப்பில் டென்னிஸ் கோர்ட்டைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. பட்டினி கிடந்தேன், அடிபட்டேன் என்றெல்லாம் சொல்லி உங்கள் இரக்கத்தைக் கேட்கப் போவதில்லை. அந்தக் கிளப்பில் எனக்கு மூன்று வேளை சோறு கிடைத்தது. நான் செய்ததற்குப் பசி காரணம் அல்ல.

கோர்ட் என்பது செம்மண் தரை. காலையில் உருளை உருட்ட வேண்டும். எங்கள் ஊர்ப்பக்கம் உப்புக்கா பஞ்சம்? உப்பை வாரித் தூவித் தண்ணீர் தெளித்தால் ஈரம் நின்று மண் பறக்காது. பிறகு சுண்ணாம்பு கரைத்துக் கோடு போட வேண்டும். கோடு நேராக வரும்வரை நான் எழுந்திருக்க மாட்டேன். அந்தக் கோடுகள் மீது எனக்கு ஒரு கர்வம் இருந்தது.

அந்தக் கோர்ட்டில் ஒரு குறை உண்டு. வழக்கமாக வடக்கு தெற்காகத்தான் கோர்ட் போடுவார்கள். இங்கே பக்கத்தில் சரக்கு அடுக்கும் கிட்டங்கி ஒன்று நின்றதால் இடம் போதாமல் கிழக்கு மேற்காகப் போட்டுவிட்டார்கள். கிழக்குப் பக்கம் நின்று ஆடுகிறவனுக்குச் சாயங்கால வெயில் நேரே கண்ணில் அடிக்கும். மேற்குப் பக்கம் நிற்கிறவனுக்குக் கடல் காற்று முகத்தில் அடிக்கும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வேறொன்றும் நீங்கள் நினைவில் வைக்க வேண்டியதில்லை.

மிக்கேல் அந்தக் கிளப்பில் மார்க்கர். அதாவது உறுப்பினர்களுக்கு ஆடிக்கொடுக்கிற வேலை. உப்பள முதலாளி, டாக்டர், துறைமுக அதிகாரி என்று யார் வந்தாலும் எதிர்ப்பக்கம் நின்று அவர்கள் அடிக்க வசதியாகப் பந்தைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். அவன் புன்னைக்காயல்காரன். அப்பாவுக்குக் கடல் தொழில். கிளப்பில் சமையல் செய்த மாமாவோடு வந்து ஒட்டிக்கொண்டு, பந்து பொறுக்கி, பிறகு மட்டை பிடித்தவன். சர்வீஸ் போடும் முன் நெற்றியிலும் நெஞ்சிலும் அவசரமாகச் சிலுவை போட்டுக்கொள்வான். பிறகு அவன் அடிக்கும் அடி... அப்பப்பா! பந்து மண்ணைத் தொட்டுச் சீறுவதைப் பார்த்தால் எனக்கு மயிர்க்கூச்செறியும்.

உறுப்பினர்கள் வராத வெயில் நேரங்களில் அவன் எனக்குக் கற்றுக்கொடுத்தான். நான் சுமாராகத்தான் ஆடுவேன். ஆனால் எனக்கு ஒரு கண் இருந்தது. பந்து மட்டையை விட்டுக் கிளம்பும்போதே அது எங்கே விழும் என்று சொல்லிவிடுவேன். கோடு போட்டவன் கண் அது. அதைக் கண்டுபிடித்தவனும் மிக்கேல்தான்.

“ஏலே சுடலை, நீ பின்னால நின்னு கத்து. நான் முன்னால நின்னு அடிக்கேன். ரெண்டு பேரும் சேந்தா ஒரு முழு ஆளு.”

அப்படித்தான் எங்கள் இரட்டையர் ஆட்டம் பிறந்தது. அவன் வலைக்கு அருகே நிற்பான். நான் கோட்டோரம் நிற்பேன். தலைக்கு மேல் பந்து வந்தால், உள்ளே விழும் என்றால் ‘அடி’ என்று கத்துவேன். வெளியே போகும் என்றால் ‘விடு’. அவ்வளவுதான் எங்கள் பாஷை. சாயங்கால வெயிலில் கிழக்குப் பக்கம் நிற்கையில் அவன் அண்ணாந்து பார்த்தால் கண்ணில் நெருப்பைக் கொட்டியது போலிருக்கும். அப்போது அவனுக்குப் பந்து தெரியாது. என் குரல்தான் தெரியும்.

பழகும்போது கண்ணை இறுக மூடிக்கொண்டு வலையோரம் நிற்பான். நான் பந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ‘அடி’ என்பேன். குருடனைப் போல மட்டையைச் சுழற்றுவான். சில பந்துகள் பட்டுவிடும்! அப்போது அவன் சிரிக்கும் சிரிப்பு...

ஒருவன் கண்ணை மூடிக்கொண்டு உங்கள் குரலுக்குக் கை ஓங்கியிருக்கிறானா? எனக்கு அதற்கு முன் யாரும் அப்படிச் செய்ததில்லை. பெற்றவர்கள்கூட நான் சொன்னதைக் காதில் போட்டுக்கொண்டதில்லை.

பொறாமை என்னும் குணம் எனக்குள் எப்போது வந்தது? இறுதி ஆட்டத்தன்றா? இல்லை. பொய் சொல்ல மாட்டேன். அதற்கு வெகு முன்பே.

சில நாட்கள் மிக்கேல் டாக்டரோடு ஜோடி சேர்ந்து ஆட வேண்டியிருக்கும். அது அவன் வேலை. அந்த நாட்களில் நான் கோர்ட்டில் தண்ணீரைக் கூடுதலாகத் தெளித்துவிடுவேன். வழுக்கட்டும் என்று! ஒருமுறை டாக்டர் வழுக்கி முட்டியைச் சிராய்த்துக்கொண்டார். மிக்கேல் என்னிடம் வந்து காதோரம் சொன்னான்: “என்னலே, கோர்ட்டுல நெல்லு நடப் போறியா? வெளைஞ்சா எனக்கும் ஒரு மரக்கா தா.”

அவன் அதை வேடிக்கையாக எடுத்துக்கொண்டான். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே டாக்டரின் முட்டியைப் பார்த்தேன்...

அந்த வருஷம் பங்குனி மாதம் கிளப்பில் பந்தயம் வைத்தார்கள். மதுரையிலிருந்தும் திருநெல்வேலியிலிருந்தும் ஆட்டக்காரர்கள் வந்தார்கள். வேலைக்காரர்களை உறுப்பினர்களோடு சமமாக ஆட விடலாமா என்று பேச்சு எழுந்தது. கிளப் செயலாளர் உப்பளம் வைத்திருந்தவர். மதுரைக்காரர்களைத் தோற்கடிக்க வேறு வழி இல்லை என்று அவருக்குத் தெரியும். “நம்ம பயலுவ ஆடட்டும். கோப்பை இங்கன நிக்கணும், அம்புட்டுதான்,” என்று முடித்துவிட்டார்.

மெட்ராசிலிருந்து ஒரு பெரியவர் வந்திருந்தார். இளம் ஆட்டக்காரர்களைச் சேர்த்துப் பழக்கி, ஊர் ஊராகப் பந்தயங்களுக்கு அழைத்துப் போகிறவர். அவரிடம் போனால் டென்னிஸ் ஆடியே பிழைக்கலாம் என்றார்கள். மிக்கேல் ஒற்றையர் ஆட்டத்தில் அரையிறுதிவரை போய்த் தோற்றான். தோற்ற ஆட்டத்தையே அவர் நாற்காலியின் நுனியில் உட்கார்ந்து பார்த்தார். இரட்டையரில் நாங்கள் இறுதிக்கு வந்திருந்தோம்.

இறுதி ஆட்டத்துக்கு முந்தின நாள், டீக்கடையில் மிக்கேல் சொன்னான்.

“அந்த மெட்ராஸ் ஐயா கூப்புட்டாவலே. நாளைக்கு ஆட்டத்தையும் பாத்துட்டு முடிவு சொல்லுதாவளாம்.”

எனக்குச் சந்தோஷம் வந்தது. உண்மையாகவே வந்தது. நம்புங்கள்! அவன் ஒற்றையாக நின்று உலகத்தையே ஜெயித்திருந்தாலும் நான் ஓரத்தில் நின்று கை தட்டியிருப்பேன்.

“உன்னையும் கூட்டிட்டு வாரேன்னு கேட்டேம்லே. ஒரு ஆளுக்குத்தான் எடமாம். சிங்கிள்ஸும் ஆடணும், டபுள்ஸும் ஆடணுமாம்.”

“டபுள்ஸு... யாரு கூட?”

“அங்கன ஒருத்தன் இருக்கானாம். இடதுகைக்காரனாம். எங்க ரெண்டு பேருக்கும் நல்லாப் பொருந்தும்னு சொல்லுதாவ.” டீயை ஊதிக் குடித்துவிட்டுச் சிரித்தான். “உன்ன மாதிரி கத்துவானான்னு தெரியல. இங்கிலீசுலல்லா கத்துவான்!”

எங்கள் ரெண்டு பேருக்கும்...

அந்தச் சொல்லில் நான் இல்லை. அவன் நினைத்துச் சொல்லவில்லை. வாயில் வந்ததைச் சொன்னான். ஆனால் அதற்குள் ஒருவன் வந்து என் இடத்தில் நின்றுவிட்டான்! முகம் தெரியாத ஒருவன். இடதுகைக்காரன். மிக்கேல் கண்ணை மூடிக்கொண்டு நிற்பான். அவன் கத்துவான். மிக்கேல் கை ஓங்குவான்...

என் டீ ஆறிப்போனது. குடிக்காமல் கீழே ஊற்றினேன்.

இப்போது அந்தப் பந்துக்கு வருகிறேன்.

மூன்றாவது செட். மதுரை ஜோடி ஒரு புள்ளி எடுத்தால் கோப்பை அவர்களுக்கு. நாங்கள் கிழக்குப் பக்கம். வெயில் எங்கள் கண்ணில். காற்று எங்கள் முதுகில். சர்வீஸ் என்னுடையது. மிக்கேல் வலையோரம் குனிந்து நின்றான். அவன் பனியன் காற்றில் படபடத்தது.

கிழக்கிலிருந்து வரும் அந்தக் காற்றைக் கொண்டல் என்பான் மிக்கேல். பங்குனி மாதத்துச் சாயங்காலம் அது நிற்காது. அதற்கு எதிராகத் தூக்கி அடித்த பந்து, கோட்டைத் தாண்டிப் போகிற மாதிரிதான் வரும். உச்சிக்குப் போனதும் யாரோ கையால் பிடித்து நிறுத்தியதுபோல் தயங்கி, நேரே கீழே விழும். வெளியூர்க்காரர்கள் ஏமாந்துபோவார்கள். எங்களுக்கு அது பழக்கம். எத்தனையோ ஆட்டங்களை அந்தத் தயக்கத்தை வைத்தே ஜெயித்திருக்கிறோம்.

சர்வீஸ் போட்டேன். மதுரைக்காரர் பந்தை உயரத் தூக்கினார். மிக்கேலின் தலைக்கு மேல்.

யோசிக்க நேரம் இருந்ததா என்று கேளுங்கள். கேளுங்கள்! இருந்தது. அதுதான் என் கதி. வேகமான பந்தாக இருந்திருந்தால் அவசரத்தில் கத்திவிட்டேன் என்று இன்றுவரை என்னை நானே ஏமாற்றிக்கொண்டிருப்பேன். தூக்கி அடித்த பந்து மெதுவாக வரும். மேலே போயிற்று... போயிற்று... உச்சியில் தயங்கியது. கோட்டுக்கு உள்ளே விழப்போகிறது என்று கண்டேன். மிக்கேல் இரண்டடி பின்வாங்கி, இடது கையை வானத்துக்கு நீட்டி, மட்டையை முதுகுக்குப் பின் கொண்டுபோய்விட்டான். அவன் உடம்புக்குத் தெரிந்திருந்தது. கடலில் பிறந்த உடம்பு! கண்ணை வெயில் மறைத்தாலும் கொண்டல் எங்கே நிறுத்தும் என்று அதற்குத் தெரியும். அடித்திருந்தால் பந்து தீப்பொறியாய் இறங்கியிருக்கும்.

மெட்ராஸ்காரர் பார்த்துக்கொண்டிருந்தார். இவன் தோற்றால் போக மாட்டான் என்று நினைத்தேன். போகாவிட்டால் இடதுகைக்காரன் இல்லை.

“விடு!”

என் குரல்தான். தெளிவாக, உரக்க, எப்போதும் போல.

அவன் ஓங்கிய கையை இழுத்துக்கொண்டான்.

தன் உடம்பு சொன்னதை விட்டுவிட்டு என் குரலைக் கேட்டான்...

பந்து பொத்தென்று விழுந்தது. காலையில் நான் முட்டி போட்டு நேராக இழுத்த கோட்டின் மேலேயே விழுந்தது. சுண்ணாம்பு புகையாய் எழும்பிக் காற்றில் மேற்கே போயிற்று.

கை தட்டினார்கள். மதுரைக்காரர்கள் கட்டிப்பிடித்துக்கொண்டார்கள். செயலாளர் “போங்கலே!” என்று தலையில் அடித்துக்கொண்டு எழுந்தார்.

மிக்கேல் என்னைத் திரும்பிப் பார்த்தான். நான் பார்வையை எங்கே வைப்பது என்று தெரியாமல் அந்தச் சுண்ணாம்பு வடுவையே பார்த்துக்கொண்டிருந்தேன். அவன் வந்து என் தோளில் கை போட்டான். வேர்வை நாறியது. எனக்குப் பிடித்த வேர்வை.

“காத்துதாம்லே ஏமாத்திட்டு. இல்ல?”

“ஆமா,” என்றேன்.

அந்த ஒரு சொல். கத்தியதைவிட அது பெரிய பாவம் என்று இப்போது தோன்றுகிறது. கத்தியது ஒரு நொடிப் புத்தி. ‘ஆமா’ என்றபோது அவன் கை என் தோளில் இருந்தது!

மெட்ராஸ்காரர் இறங்கி வந்தார். மிக்கேலிடம், “ஏம்ப்பா அதை விட்டே?” என்று கேட்டார்.

“வெயிலு கண்ணுல அடிச்சிட்டு ஐயா. நான்தான் தப்பா நெனச்சிட்டேன்.”

“பொய் சொல்லாதே. அவன் கத்தினான், நீ கையை இழுத்துக்கிட்டே. நான் பார்த்தேன்.” அவர் என்னைப் பார்க்கவே இல்லை. “உன் கைக்குத் தெரிஞ்சதை இன்னொருத்தன் வாய்க்காக விடக்கூடாது. இந்த ஒரு பழக்கத்தை மட்டும் உன்கிட்டேயிருந்து கழட்டணும். மத்ததெல்லாம் இருக்கு. நாளைக்குச் சாயங்கால ரயில். துணிமணி எடுத்துக்கோ.”

எடுத்துக்கொண்டார்! தோற்ற பிறகும் எடுத்துக்கொண்டார்! என் துரோகம் அவனை ஒரு அங்குலம்கூட நிறுத்தவில்லை. அன்று எனக்கு வந்த கோபம்... அதையும் சொல்லிவிடுகிறேன். செய்த தப்புக்காக வருத்தம் வரவில்லை. அது பலிக்கவில்லையே என்றுதான் முதலில் வந்தது.

மறுநாள் காலையில் மிக்கேல் தன் மட்டையை என்னிடம் கொடுத்தான். மெட்ராசில் புது மட்டை தருவார்களாம். “நீ வச்சுக்கலே. நான் லீவுக்கு வாரப்ப ரெண்டு பேரும் சேந்து ஆடணும். அம்மாவும் டேசனுக்கு வாரா. நீ முன்னாடியே வந்துரு, என்னா?”

வருகிறேன் என்றேன். அவன் சாமான் வாங்கக் கடைத்தெருவுக்குப் போனான். நான் உருளையை ஓரமாகத் தள்ளிவைத்துவிட்டு, யாரிடமும் சொல்லாமல் தெற்கே நடந்தேன். கோடு போடாமல் கிளம்பிய முதல் காலை அது.

இப்படித்தான் பழையகாயலைத் தாண்டினேன். முக்காணி வந்ததும் பஸ் நிற்கும் இடத்தில், தலையில் ஓலைப்பெட்டியோடு ஒரு பெண் நிற்பது தெரிந்தது. மிக்கேலின் அம்மா! புன்னைக்காயலிலிருந்து வந்து தூத்துக்குடி பஸ்ஸுக்காகக் காத்திருக்கிறாள். ஒளிந்துகொள்ள அங்கே ஒரு மரம்கூட இல்லை.

“ஏலே சுடல! டேசனு அங்கனல்லா இருக்கு. நீ என்ன இப்பிடி வார?”

“ஊருல அவசரம் அம்மா.”

“அப்பிடி என்ன அவசரம்? ஒன் கூட்டாளி போறான். நாளைக்கிப் போனா ஊரு என்ன கடலுக்குள்ளயா போயிரும்?” என்றவள் என் முகத்தைப் பார்த்ததும் குரலைத் தணித்துக்கொண்டாள். “அழுதியோ? போட்டும். அவனும் ராத்திரி முழுக்கத் தூங்கலன்னு, கிளப்புல சமைக்கிற என் தம்பி வந்து சொன்னான். நீ பின்னால நின்னு கத்துனாத்தான் அவனுக்கு ஆட்டமே வருமாமே. அங்கன போயி என்ன செய்யப் போறானோ, மாதாவே!”

பஸ் வந்தது. ஏறும் முன் ஓலைப்பெட்டியைத் திறந்து, மகனுக்குச் சுட்ட அச்சுமுறுக்கில் ஒரு கை அள்ளி என் பைக்குள் போட்டாள். பையில் நீட்டிக்கொண்டிருந்த மட்டையைக் கண்டு, அதன் கைப்பிடியைத் தொட்டு ஒரு முத்தம் வைத்துக்கொண்டாள். பஸ் வடக்கே போயிற்று.

ஆற்றுப்பாலத்தின் மேல் நின்று அந்த முறுக்கைத் தின்றேன். தொண்டையில் அடைத்தது என்று எழுதினால் அழகாக இருக்கும். அடைக்கவில்லை. காலையிலிருந்து சாப்பிடாதவன். எல்லாவற்றையும் தின்றேன்.

அதற்குப் பிறகு வந்த வருஷங்களை இங்கேயே சொல்லிவிடுகிறேன். பிறகு அன்றைய நாளுக்குத் திரும்புகிறேன்.

மிக்கேல் பெரிய ஆளாகவில்லை என்று ஆறுதல் தேடாதீர்கள். பெரிய ஆள்தான் ஆனான். பரிசுக்கு ஆடிப் பிழைக்கும் ஆட்டக்காரன் ஆனான். பம்பாய், கல்கத்தா, கொழும்பு என்று போனான். நான் போன ஊர்களிலெல்லாம் பழைய பேப்பரில் அவன் பெயரைத் தேடுவேன். பொட்டலம் மடித்த தாளைக்கூடப் பிரித்துப் பார்ப்பேன். ‘ஒற்றையர் பிரிவில் வெற்றி’ என்று இருக்கும். ‘இரட்டையர் பிரிவில் முதல் சுற்றிலேயே தோல்வி’ என்று இருக்கும்.

இரட்டையரில் தோற்றான் என்று படித்த நாளில் எனக்குச் சோறு கூடுதலாக இறங்கும்! இதைவிட அசிங்கமாக ஒரு மனிதன் தன்னைப் பற்றிச் சொல்ல முடியுமா?

ஒவ்வொரு தடவையும் ஜோடியின் பெயர் வேறாக இருந்தது. இடதுகைக்காரன் ஒரே பருவத்தில் போய்விட்டான் போலும். அடுத்தவன். அவனுக்கு அடுத்தவன். ஒருவரும் நிலைக்கவில்லை. ஏன் என்று எனக்குப் புரியவில்லை. புரியாமலே மகிழ்ந்தேன்.

கோயம்புத்தூரில் ஒரு மில்லில் பஞ்சு மூட்டை தள்ளிக்கொண்டிருந்தபோது, அந்த ஊரில் ஒரு பந்தயத்துக்கு அவன் வந்தான். மதிலோரம் நின்று, கூட்டத்தின் தலைகளுக்கு இடையே பார்த்தேன். தோள் அகன்றிருந்தான். சிலுவை மட்டும் அதே அவசரத்தோடு போட்டுக்கொண்டான். இரட்டையர் ஆட்டம். ஒரு பந்து உயரே வந்தது. காற்று இல்லாத ஊர். பந்து நன்றாக வெளியே போகிறது. குழந்தைக்கும் தெரியும். பின்னால் நின்றவன் “லீவ்! லீவ்!” என்று கத்தினான்.

மிக்கேல் அடித்தான்.

பந்து வலையில் போய் விழுந்தது. பின்னால் நின்றவன் இரண்டு கைகளையும் விரித்தான். கூட்டம் சிரித்தது. எனக்கு அருகில் நின்ற ஒருவர் சலிப்போடு சொன்னார்: “இந்த ஆளு எப்பவுமே இப்படித்தானுங்க. தனியா ஆடினாப் புலி. கூட ஒருத்தன் நின்னா அவன் பேச்சைக் கேட்கவே மாட்டானுங்க. எவன் இவன் கூட ஆடுவான்?”

மதிலைப் பிடித்துக்கொண்டேன்.

நான் கேட்டது பலித்துவிட்டது! வேறு ஒருவனும் அவன் பின்னால் நிற்கக் கூடாது என்று நினைத்தேன் அல்லவா? ஒருவனும் நிற்கவில்லை. அந்தப் பெரியவர் கழற்ற நினைத்த பழக்கத்தை நான் அவருக்கு முன்பே வேரோடு பிடுங்கிவிட்டிருந்தேன். கண்ணை மூடிக்கொண்டு நிற்கத் தெரிந்தவன்... அந்த மிக்கேலை நான் அந்தக் கோட்டிலேயே கொன்றுவிட்டேன்.

ஆட்டம் முடியும்வரை நிற்கவில்லை. போய்ப் பேசினேனா என்று கேட்காதீர்கள். அவனுக்குத் தெரியுமா என்றும் கேட்காதீர்கள். அதைத்தான் நான் தினமும் கேட்டுக்கொள்கிறேன். கொண்டல் எங்கே பந்தை நிறுத்தும் என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவன் அவன். அதில் நான் ஏமாற முடியாது என்றும் தெரிந்தவன். பிறகு ஏன் ‘காத்துதாம்லே ஏமாத்திட்டு’ என்றான்? நம்பிச் சொன்னானா? அல்லது எனக்கு ஒளிய ஒரு இடம் கொடுத்தானா? மட்டையைக் கொடுத்தபோது அவனுக்குத் தெரிந்திருந்ததா?

தெரியாது என்றால் அவனை ஏமாற்றினேன். தெரியும் என்றால்... தெரிந்தும் தோளில் கை போட்டான் என்றால்... அந்தக் கையை நான் எங்கே கொண்டுபோய் வைப்பேன்?

சரி. திரும்புகிறேன்.

அன்று இருட்டும் முன் ஆத்தூர் போய்ச் சேர்ந்தேன். ஒரு டீக்கடை பெஞ்சில் படுத்தேன். இந்நேரம் ரயில் மணியாச்சியைத் தாண்டியிருக்கும் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்காமல் தூங்கிப்போனேன். நடந்த கால்கள்.

விடிந்ததும் டீக்கடைக்காரரிடம் வேலை கேட்டேன். கொடிக்காலில் ஆள் தேடுகிறார்கள் என்றார். வெற்றிலைத் தோட்டத்தை அங்கே கொடிக்கால் என்பார்கள். போனேன். வெளியே நின்று பார்த்தால் ஒரு பச்சைச் சுவர். உள்ளே நெருக்கமாக அகத்தி மரங்கள், மரத்துக்கு மரம் ஏறும் கொடிகள், காலுக்கடியில் எப்போதும் ஈரம். ஒரு இலைகூட அசையவில்லை. காற்றே நுழையாத இடம்!

இந்த இடம்தான் எனக்கு வேண்டும் என்று தோன்றியது. இங்கே ஒரு பந்தும் தயங்காது.

தோட்டக்காரர் அண்ணாச்சி வாயில் வெற்றிலையோடு வந்தார். என்னை ஒருமுறை பார்த்தார். பையை இரண்டு முறை பார்த்தார்.

“அது என்னலே, வலை பின்னுன கரண்டி மாதிரி?”

“பந்து அடிக்கிற மட்டை அண்ணாச்சி.”

“இங்கன பந்து கெடையாது. கொசுதான் உண்டு. வேணும்னா அத அடி.” தன் வேடிக்கைக்குத் தானே சிரித்துவிட்டு, “கொடிக்கா வேலை தெரியுமா?” என்றார்.

“நெல்லு வேலை தெரியும்.”

“அது வேற, இது வேற. செருப்ப வெளிய கழட்டிப் போடு. உள்ளார செருப்புக் கால் படக்கூடாது.” கழற்றினேன். ஓரத்தில் குவித்துக் கிடந்த தென்னங்கீற்றுகளைக் காட்டினார். “மொதல்ல தட்டி கட்டணும். காத்து உள்ள வந்திச்சின்னா கொழுந்து அம்புட்டும் கருகிப் போவும். நேத்து ஒருத்தன் வந்தான். வடக்க கட்டி வச்சிட்டுப் போயிருக்கான், மூதி! இந்த மாசத்துல காத்து எங்கேர்ந்து வரும், எங்கன வந்து நிக்கும்... ஒனக்குத் தெரியுமாலே?”

மட்டையை அகத்தி மரத்தின் கிளையில் மாட்டினேன். அந்த ஈரத்தில் அதன் நரம்புகள் தளர்ந்துபோகும் என்று தெரியும். மாட்டினேன்.

“தெரியும் அண்ணாச்சி,” என்றேன்.

முதல் கீற்றை எடுத்துக்கொண்டு கிழக்கு வரப்புக்குப் போனேன்.